மூச்சு விட்டால் நிற்கும் பஸ்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், புதுக்கோட்டைக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் இடையே ஓடிய சோலையப்பன் முதலாளியின் பஸ்ஸில் ஏற ஜனங்கள் பயந்தார்கள். வண்டி நல்ல வண்டிதான். கண்டக்டர் நாகராசுவின் வாய்தான் நல்ல வாய் இல்லை. சில்லறை இல்லையென்றால் ஏச்சு, படியில் நின்றால் ஏச்சு, தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிட்டால் பரம்பரைக்கே ஏச்சு.

வல்லத்திராக்கோட்டைப் பெரிய மனிதர் ஒருவரின் மாமியாருக்கு, உருவத்தைப் பார்த்து, லக்கேஜ் டிக்கெட் கிழித்ததில் விஷயம் முற்றிவிட்டது. இன்னொரு புகார் வந்தால் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தத் தோல்பை தோளிலிருந்து இறங்கினால் நாகராசு வீட்டில் உலை ஏறாது. அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

மனைவி கண்ணாத்தாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. டவுனில் யோகாசனம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த சாமியாரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். சாமியார் காலை மடக்கச் சொன்னார். பஸ்ஸில் நின்றே இறுகிப்போன கால் மடங்குவேனா என்றது. தலைகீழாக நிற்கச் சொன்னார். அதற்கு வேட்டி சம்மதிக்கவில்லை. கடைசியில் சாமியார் ஒன்றே ஒன்றைச் சொல்லி அனுப்பிவைத்தார். கோபம் வந்தால் பேசாதே. மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் மெதுவாக விடு. மனசை அந்த மூச்சின் மேலேயே வை.

பாவம், சாமியாருக்கு ஒரு சங்கதி தெரியாது. நாகராசுவின் வாயில் எந்நேரமும் விசில் இருக்கும். ஏசுவதற்கு மட்டும்தான் அதை வெளியே எடுப்பார்.

மறுநாளே குடைக்காரர் ஒருவரும் கோழிக்கூடையோடு வந்த பிச்சையம்மாளும் இடத்துக்காக மல்லுக்கு நின்றார்கள். நாகராசுவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கண்ணை மூடினார், இழுத்தார், விட்டார். விசில் நீளமாக ஊதியது. ஒரு விசில் என்றால் நில். டிரைவர் முகம்மது சுல்தான் பாய் நட்டநடுப் பொட்டலில் வண்டியை நிறுத்திவிட்டு, யார் இறங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இறங்கவில்லை. நாகராசு மட்டும் மூச்சின் மேல் மனசை வைத்துக்கொண்டு நின்றார். கோபம் தணிந்த பிறகுதான் இரண்டு விசில் கொடுத்தார். இரண்டு என்றால் போ.

ஜனங்களுக்குச் சீக்கிரமே விஷயம் பிடிபட்டுவிட்டது. கண்டக்டருக்குக் கோபம் வந்தால் வண்டி நகராது. அப்புறம் அவரைச் சீண்ட யாருக்கு மனசு வரும்? ஏறும்போதே சில்லறையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்கள். சண்டை மூண்டால் பக்கத்தில் இருப்பவர்களே, "பேசாம இருங்க, மூச்சு விடப்போறாரு" என்று அடக்கினார்கள். மீறி விசில் ஊதிவிட்டால், அவர் சீக்கிரம் தணியட்டும் என்று வண்டி மொத்தமும் சேர்ந்து மூச்சை இழுத்து விட்டது. சுல்தான் பாயும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விடுவார்.

பஸ் கண்ட இடத்தில் நிற்கிறது என்ற சேதி முதலாளி காதுக்குப் போனது. ஒரு சாயங்காலம் வழியில் கைகாட்டி அவரே ஏறினார். முதலாளியின் கோபம் நாகராசுவின் கோபத்துக்கு மூத்த அண்ணன். வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தவர், மூச்சு முட்டத் திட்டி முடித்து, "பையக் கழட்டி வச்சிட்டு அடுத்த ஊர்ல எறங்கிக்க" என்றார்.

நாகராசு பையைக் கழற்றி சீட்டில் வைத்தார். மாதக்கணக்கில் அடக்கிவைத்த ஏச்செல்லாம் தொண்டை வரை வந்தது. வேலைதான் போய்விட்டதே, இனி எதற்கு அடக்க வேண்டும் என்று தோன்றியது. விசிலை எடுக்கக் கை போனது. போன கை பாதியில் நின்றது. மூக்கால் இழுத்தார். விட்டார். விசில் ஊதியது, வண்டி நின்றது.

முதலாளி மறுபடி வாயைத் திறப்பதற்குள் பிச்சையம்மாள் முந்திக்கொண்டாள்.

"அய்யா, நீங்களும் கொஞ்சம் மூச்ச இழுத்து விடுங்க. நீங்க அடங்குனாத்தான் வண்டி போகும். எனக்கு வீட்டுல ஒல வைக்கணும்."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கத்துவதற்காக இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் மெதுவாக விட்டார். விட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"இப்பல்லாம் நீ யாரையும் ஏசுறதில்லையா?"

"இல்லீங்க மொதலாளி."

"பைய மாட்டிக்க. நேரமாவுது, வண்டிய எடுக்கச் சொல்லு."

நாகராசுவுக்குச் சந்தோஷமும் தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை. இரண்டு விசில் கொடுக்கத்தான் ஊதினார். மூச்சு நடுங்கி, விசில் விட்டுவிட்டு என்னென்னவோ ஊதியது. நிற்பதா போவதா என்று தெரியாமல் சுல்தான் பாய் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தானாகவே வண்டியை எடுத்தார்.