நாலு டைல்ஸ் அளவு மண்

உப்பளம் பகுதியில், ஸ்டேடியத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், ஆளில்லாத ஒரு பெரிய வீட்டில் வளர்கிற கோழிக்குப் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டதாம். அதைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கும் ஒட்டிக்கொண்டு, மூச்சு விட முடியாமல் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். பாவம், பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாதாம்.

திங்கட்கிழமை காலை, டீயை ஆற்றிக்கொண்டே மொய்னுதீன் இதைச் சொன்னார். அவருக்கு அவர் வீட்டம்மா சொன்னது. அந்தம்மாவுக்குத் தெருக்காரர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. கேட்டுக்கொண்டு நின்ற கோவிந்தராசுதான் அந்த வாட்ச்மேன்.

பதினோரு வருஷமாக அதே கடையில் அதே மூலையில் நின்று டீ குடிக்கிறார். மொய்னுதீனுக்கு அவரைத் தெரியும். சர்க்கரை கம்மி, கிளாஸில் வேண்டும், பேப்பர் கப்பில் கொடுத்தால் முகம் மாறும் என்கிற அளவுக்குத் தெரியும். எந்த வீட்டு ஆள் என்று அவர் கேட்டதும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை.

"நீங்களும் அந்தப் பக்கந்தான போறீங்க? பாத்து இருங்கண்ணே," என்றார் மொய்னுதீன்.

கோவிந்தராசு "ம்" என்றார். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் கடையில் இருக்கிற நாலு பேரும் தள்ளி நிற்பார்கள். கிளாஸை அவரே குழாயடியில் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வதந்தி எங்கே கிளம்பியது என்று நடக்கும்போது புரிந்தது. சனிக்கிழமை மருந்துக்கடையில் போய், கோழி உப்பிக்கொண்டு நிற்கிறது, மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அப்போது அவருக்கே சளி. ரெண்டு தடவை இருமினார். அவ்வளவுதான், மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

கோழி மெய்யாகவே சுகமில்லாமல்தான் இருந்தது.

அதற்குப் பெயர் ரோஸ். வெள்ளைக் கோழிக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், வந்தபோது அது ரோஸ் கலரில் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன் வீட்டுச் சொந்தக்காரி சுடர்விழி பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது, சண்டே மார்க்கெட்டில் சாயம் போட்ட கோழிக்குஞ்சு ஐந்தை அட்டைப் பெட்டியில் போட்டு வாங்கி வந்தாள். வெயிலில் அவை கத்துவதைப் பார்க்கப் பொறுக்கவில்லையாம். பத்து நாளில் அவள் விமானம் ஏறிவிட்டாள். பெட்டி கோவிந்தராசு கைக்கு வந்தது.

அந்த மாதிரிக் குஞ்சுகள் தங்காது என்று அவருக்குத் தெரியும். முதல் குஞ்சு செத்ததைப் போனில் சொன்னபோது சுடர்விழி அழுதுவிட்டாள். மறுபடி மூன்று செத்தன. அவற்றையும் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஆசையாகக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்று சொன்னார். அவளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. மிஞ்சின ஒன்றை நாற்பது வாட் பல்பின் கீழ் வைத்துத் தேற்றினார். சாயம் போய் வெள்ளை முளைத்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கோவிந்தராசு இருபத்திரண்டு வருஷம் நூற்பாலையில் இருந்தவர். ஆலைச் சத்தத்தில் பழகிய தொண்டை, மெல்லப் பேச வராது. ஆலை மூடிய பிறகு ஒரு லாட்ஜில் காவல், அப்புறம் இந்த வீடு. வீட்டைக் கட்டினது சுடர்விழியின் அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவரும் காலமாகி, அவர் சம்சாரமும் காலமாகி, உள்ளே ஆறு அறை பூட்டிக் கிடக்கிறது. முன்னறை ஒன்றில் இவர் கட்டில். இவர் மனைவி ராஜாம்பாள், மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மூணு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓசூருக்குப் போனாள். ஆறு வருஷம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே ரெண்டாவது பிள்ளை பிறந்தது, ஸ்கூல் வந்தது, மருமகனுக்கு ஷிப்ட் மாறியது. இங்கே வந்து என்ன செய்யப்போகிறேன் என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

ஆக, வாரத்தில் ஒரு மனுஷர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான். சுடர்விழி வீடியோவில் வருவாள்.

"போன்ழூர் கோவிந்தண்ணே, எங்க எங்க ரோஸு?"

இவர் போனை நீட்டிக்கொண்டு கோழி பின்னாலேயே நடப்பார். அவள் அங்கே சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாள். கோழியைப் பற்றி ஐந்து நிமிஷம். பிறகு அவளுடைய முதுகுவலி, ஆபீஸ், அங்கே சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்கிற புலம்பல். நீங்க சாப்டீங்களாண்ணே என்று ஒரு கேள்வி. எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம் வரும். குஞ்சு வாங்குவதற்கு முன்பு இந்த இருபது நிமிஷம் கிடையாது. மாதம் ஒரு தடவை, மோட்டார் ஓடுகிறதா, வரி கட்டியாச்சா, அவ்வளவுதான். கோவிந்தராசு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவரில்லை. ஆனால் கோழி கழுத்தை இழுத்து இழுத்து நின்ற அன்று அவர் பயந்தது கோழிக்காக மட்டும் இல்லை.

முதலில் கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல் நோய் என்று நினைத்தார். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் இடித்து உருட்டிக் கொடுத்தார். கோழி தானியத்தைக் கொத்தும், கீழே போடும். தின்ன முடியாமல் இளைத்துவிடப் போகிறதே என்று சோற்றைக் குழைத்து அலகைப் பிரித்து ஊட்டினார். ஒரு நாளைக்கு நாலு வேளை. கோழி இன்னும் உப்பியது, கொண்டை கறுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தபோது, அவர் கேமராவைக் கொய்யா மரத்துப் பக்கம் திருப்பி, ரோஸ் கூண்டுக்குள்ளே முட்டைக்கு உட்கார்ந்திருக்கிறது, தொந்தரவு பண்ண வேண்டாம் என்றார். அவள் நம்பிவிட்டாள். ரெண்டாவது பொய். அன்றைக்குப் பேச்சு ஏழு நிமிஷத்தில் முடிந்துபோனது.

மறுநாள்தான் மொய்னுதீன் கடையில் அந்த வதந்தி.

வீட்டுக்கு வந்ததும் ரோஸைக் கட்டைப்பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் கோழியையே பார்த்துக்கொண்டு வந்தார். குழம்புக்கா என்று கேட்டார். வைத்தியத்துக்கு என்றதும் சிரித்துவிட்டு, மூக்கை மேல்துண்டால் மூடிக்கொண்டார். குரூப்பில் அவரும் இருப்பார் போலிருக்கிறது.

டாக்டரம்மா ஹேமலதாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. பறவைக் காய்ச்சலா என்று கோவிந்தராசு கேட்டதும் கோழியின் வாயைத் திறந்து பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு நெஞ்சுக்கு மேலே வலப்பக்கம் விரலை வைத்து அழுத்தினார். இவர் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே பிசைந்த மாவு உருண்டை மாதிரி ஒன்று, இறுகிக் கிடந்தது.

"இதுதான் தீனிப்பை. காலைல வெறும் வயித்துல இது காலியா இருக்கணும். எத்தினி நாளா இப்டி இருக்குது?"

இவர் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் இருக்கும் என்றார்.

"எங்க மேயுது?"

"வீட்டுப் பின்கட்டுலதாம்மா. டைல்ஸ் போட்ட எடம். சுத்தமா வச்சிருக்கேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மண்ணே இல்லையா என்று கேட்டார். சுத்தமாக இல்லை என்று இவர் பெருமையாகச் சொன்னார். அப்புறம்தான் அந்தம்மா விளக்கினார். கோழிக்குப் பல் இல்லை. பொடிக்கல்லும் மணலும் பொறுக்கித் தின்று, உள்ளே இன்னொரு பையில் வைத்து, அதைக் கொண்டுதான் தீனியை அரைக்கிறது. கல் இல்லாவிட்டால் அரைக்க வழியில்லை; கீழே போகாமல் மேலே தேங்கும். தேங்கினதன்மேல் நாலு வேளை சோற்றை வேறு திணித்தால் என்ன ஆகும்.

"யாரு டைல்ஸ் போடச் சொன்னது?"

"நாந்தாம்மா," என்றார் கோவிந்தராசு.

அது உண்மையில்லை. நாலு மாசத்துக்கு முன், வீடியோவில் ரோஸ் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு நீள மண்புழு வெளியே வந்தது. சுடர்விழி அதைப் பாம்புக்குட்டி என்று நினைத்துப் பயந்துவிட்டாள். இல்லை, புழுதான் என்று எவ்வளவோ சொன்னார். இன்றைக்குப் புழு, நாளைக்குப் பாம்பு வந்தால் ரோஸ் என்னாவது என்று ராத்திரியெல்லாம் தூங்காமல், மறுநாளே மேஸ்திரியைப் பேசி, பின்கட்டு முழுக்க டைல்ஸ் போட வைத்தாள். கொய்யா மரத்தைச் சுற்றி ஒரு சாண் வட்டம் மட்டும் விட்டு, அதையும் சிமெண்டால் பூசினார்கள். கோழி நல்லா இருக்க வேண்டும் என்றுதான் செய்தாள். இவரும் வாரம் ரெண்டு தடவை பினாயில் போட்டுக் கழுவி, வீடியோவில் பளபளவென்று காட்டினார்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். ஒரு முழு நாள் தீனி கூடாது, தண்ணீர் மட்டும். அலகின் ஓரமாக நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய். தலை மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு பையை மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும்; தலைகீழாகப் பிடித்தால் மூச்சுக்குழலில் போய்விடும். மூன்று நாளில் கரையாவிட்டால் கீறித்தான் எடுக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டார். ஆலையில் நூல் அறுந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமலே தடவிக் கண்டுபிடித்த விரல்கள். உருண்டையின் ஓரத்தை அவை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தன. கோழி முதலில் திமிறியது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. இறகுக்குள்ளே கொதிக்கிற சூடு. ஒரு தரம் பிசைய அரை மணி, ஒரு நாளைக்கு நாலு தரம். ஆறு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர் ஒரு உயிரைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கோழிக்காக மெல்லப் பேச முயன்று பார்த்தார், குரல் கரகரத்தது. அப்புறம் வழக்கமான குரலிலேயே பேசினார். ராஜாம்பாளைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார்.

செவ்வாய்க்கிழமை உருண்டை அப்படியேதான் இருந்தது. புதன்கிழமை காலை விரல் வைத்தபோது எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வியாழக்கிழமை பை தொளதொளவென்று காலியாக இருந்தது. கூண்டில் ஒழுங்கான எச்சம் கிடந்தது. எச்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது.

இனி மண் வேண்டும். தட்டில் கொஞ்சம் மணல் வைத்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கம் போய் ஒரு பை மணலும் உடைந்த கிளிஞ்சலும் அள்ளி வந்து தட்டில் கொட்டினார். ரோஸ் ரெண்டு கொத்துக் கொத்திவிட்டு, தட்டை விட்டு இறங்கி, டைல்ஸைக் காலால் பறண்டியது. நகம் வழுக்கியது. மறுபடி பறண்டியது. அந்தச் சத்தத்தை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. உளியும் சுத்தியும் எடுத்து, கொய்யா மரத்தை ஒட்டி நாலு டைல்ஸைப் பெயர்த்தார். சிமெண்டுக்குக் கீழே ஈரமாக, கறுப்பாக மண் இருந்தது. அந்த நாலு குஞ்சும் அங்கேதான் எங்கேயோ இருக்கின்றன. ரோஸ் ஒரே தாவலில் உள்ளே இறங்கி, ரெக்கையை விரித்துப் படுத்துப் புரண்டது.

அடுத்தவர் வீட்டுத் தரையைக் கேட்காமல் உடைத்துவிட்டோம் என்கிற பயம் அப்புறம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கேமராவில் இது தெரியும். மரத்துப் பக்கம் திருப்பினாலும் தெரியும், கூண்டுப் பக்கம் திருப்பினாலும் தெரியும். மூன்றாவது பொய் ஒன்று யோசித்துப் பார்த்தார். குழாய் கசிந்தது, அதனால் தோண்டினேன் என்று சொல்லலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார். டைல்ஸால்தான் கோழிக்கு இப்படி ஆனது என்று சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் டைல்ஸை மறுபடி போடச் சொல்வாள். சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு காலை டீக்கடையில் மொய்னுதீனிடம் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்த வாட்ச்மேன் நாந்தான் பாய்," என்றார்.

மொய்னுதீன் டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டார்.

"சளி மட்டுந்தான். கோழியும் நல்லா இருக்குது."

"அல்லாவே. நேத்து என் மச்சினிச்சி பாரிஸ்லேர்ந்து போன் பண்ணி, வாட்ச்மேன் செத்துட்டாராமேன்னு கேக்குறா. அங்கல்லாம் போயிடுச்சு." பேர் என்ன என்று கேட்டார். கோவிந்தராசு சொன்னார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு மொய்னுதீன் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

ஆனால் கோவிந்தராசுவின் மனசு அங்கே இல்லை. பாரிஸ் வரைக்கும் போன சேதி சுடர்விழிக்குப் போகாமலா இருக்கும்? நான் செத்துவிட்டதாக நம்பியிருந்தால் ஏன் ஒரு போன்கூட வரவில்லை? கோழி செத்துவிட்டது, இந்த ஆள் மறைத்துவிட்டான் என்று நினைத்திருந்தால்?

மத்தியானமே சட்டை மாற்றிக்கொண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றே முக்கால். நாலு. நாலே கால். மூணு வாசல் தள்ளி யாரோ குக்கர் வைத்தார்கள், விசில் வந்தது. போன் வரவில்லை. நாலே முக்காலுக்கு ஒருமுறை போனை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது, அவள்தான் கூப்பிடுவாள். எப்படிக் கூப்பிடுவது என்பதை மட்டும், போனை வாங்கிக் கொடுத்த அன்றே சொல்லிக் கொடுத்திருந்தாள். "காலிங்னு வந்தா என் பக்கம் நெட் இல்லன்னு அர்த்தம்ணே. ரிங்கிங்னு வந்தா என் போன் அடிக்குதுன்னு அர்த்தம்."

அஞ்சு மணிக்கு அவள் படத்தின்மேல் விரலை வைத்தார். கேமராவை நேராகக் குழிப் பக்கம் திருப்பினார். நாலு டைல்ஸ் இல்லாத இடத்தில் ரோஸ் நின்று, மண்ணை வாரி வாரிப் பின்னால் இறைத்துக்கொண்டிருந்தது. கழுவி வைத்த தரையெல்லாம் மண். சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டார். சுடர்மா, நான் நல்லா இருக்கேன். ரோஸும் நல்லா இருக்கு. உங்கிட்ட ரெண்டு விஷயம் மறைச்சுட்டேன்.

காலிங் என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் எழுத்து மாறி ரிங்கிங் என்று வந்தது.

தொண்டையில் இருமல் ஏறியது. எடுக்கிற நேரத்தில் அவள் காதில் முதலில் அது விழக்கூடாது என்று வாயை இறுக்கி அடக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ரோஸ் ஒரு பொடிக்கல்லைப் பொறுக்கி, தலையை நிமிர்த்தி விழுங்கியது. கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.