மண்டபத்தில் நின்ற ரயில்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒன்றை என் அண்ணன் டேப் வைத்து அளந்திருப்பார். எதற்கு அளந்தார் என்று உங்களுக்கு இன்றுவரை விளங்கியிருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. இனி அவரால் என் எழுத்தைத் திருத்த முடியாது என்ற தைரியமும் ஒரு காரணம்.

அண்ணன் பிறந்தது தேவிபட்டினத்தில். எங்கள் அய்யா அங்கே சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அய்யா காலமானபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. கடையைப் பார்த்துக்கொண்டே படித்து சர்வேயர் வேலையில் சேர்ந்தார். வெயிலிலும் கருவேலங்காட்டிலும் அளவுச் சங்கிலி இழுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். பெண் பார்க்க வந்த அன்று தன்னையே ஏற இறங்க அளந்தார் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லுவார். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

சர்வே ஆபீஸில் எந்தப் படம் வரைந்தாலும் அடியில் இரண்டு வரி இருக்குமாம். அளந்தவர் என்று ஒன்று, சரிபார்த்தவர் என்று ஒன்று. அண்ணன் அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மகன் கல்யாணத்துக்குப் பந்தல் போட வரைந்து கொடுத்த படத்தில்கூட அந்த இரண்டு வரிகள் இருந்தன. அளந்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருக்கும். சரிபார்த்தவர் என்ற இடம் எப்போதும் காலி. அதற்குத் தகுதியான ஆள் ராமநாதபுரம் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய கருத்து.

ஓய்வு பெற்ற மறு மாதம், பொழுது போகட்டும் என்று அவர் மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, அதில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரையும் போட்டுக் கொடுத்தான். அண்ணன் ஒரு வாரம் ஏதேதோ தேசத்து ரயில்களை ஓட்டினார். எட்டாம் நாள், "நம்ம ரயிலு எங்கடா?" என்று கேட்டார். நாங்கள் சின்ன வயதில் ராமேஸ்வரத்துக்குப் போன மீட்டர் கேஜ் ரயில், நீராவி எஞ்சினும் ஆறு பெட்டியும் கொண்டது, அதில் இல்லை. இல்லாவிட்டால் என்ன, செய்துவிட்டால் போகிறது என்று அறுபது வயதுக்கு மேல் அதற்கான படிப்பைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எஞ்சின், பெட்டிகள், மண்டபம் ஸ்டேஷன், பாம்பன் பாலம் எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே, ஓர் ஆணி கூடாமல் குறையாமல் வர வேண்டும். ஒன்பது வருடம் ஆயிற்று.

ஆதாரம் இல்லாமல் எதையும் வரைய மாட்டார். ஆதாரத்துக்காக எந்த வீட்டுக்குள்ளும் நுழைவார். துக்கம் கேட்கப் போன வீடுகளில், "அண்ணே, மூணாம் வகுப்புப் பெட்டியில மேல் பலகை சங்கிலியிலயா தொங்குச்சு, கம்பியிலயா?" என்று பெரியவர்களைக் கேட்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள்.

என் மகளுக்கு நிச்சயம் பேசப் போன நாளை நான் மறக்கவே முடியாது. மாப்பிள்ளை வீட்டுக் கொல்லைப்புறக் கதவு பழைய ரயில் பெட்டிக் கதவாம். நாங்கள் நகை பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அண்ணன் குனிந்து கதவை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சர்வேயர் என்று ஊருக்கே தெரியும். சம்பந்தி முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, எடத்துல ஏதும் வில்லங்கமா?" என்றார். அண்ணன் நிமிராமலே, "கீல் மாத்திருக்கீக. பழசு எங்கன?" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது என் மகளின் நல்ல நேரம்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு அவசரம் பிடித்துக்கொண்டது. தான் கண்மூடுவதற்குள் ரயில் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம் போய்ச் சேர வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. வெள்ளிக்கிழமை ரயிலை இணையத்தில் வெளியிடுகிறேன் என்று, முகம் பார்த்திராத வெளிநாட்டு நண்பர்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நான் அங்கே இருந்தேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தவர், மேசை மேல் இருந்த புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினின் வலப்பக்கத்துக்கு அண்ணனிடம் இருந்த ஒரே படம் அது. குழாய், பம்பு எல்லாம் அதைப் பார்த்துத்தான் செய்தார். எஞ்சின் முன்னால் ஜனங்கள் நிற்பார்கள். நம்பர் இருக்கும் இடத்தைச் சரியாக ஒருவர் தலை மறைத்திருக்கும்.

"ஏங்க, இந்தப் பொம்பள என்ன முந்தானைய வலது தோள்ல போட்ருக்கா?"

"அந்தக் காலத்துல அப்படிப் போட்ருப்பாக."

"மூணு பொம்பளையுமா?"

"ஒனக்கு ரயிலப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குச் சேலையப் பத்தித் தெரியும்."

அண்ணன் காபியைக் குடிக்கவில்லை. கீழக்கரையில் இருக்கும் தன் நண்பருக்குப் போன் போட்டார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழக்கரை முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; நாங்கள் எல்லோரும் அவரை அப்படியே கூப்பிடுவோம். மதியம் வந்து சேர்ந்தார். படத்தில் தொப்பி வைத்த ஒருவர் கைலியோடு நின்றார். காக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"மாப்ள, நாங்க எடப்பக்கம்ல கட்டுவோம்? நீங்கதானே வலப்பக்கம். இவரு தொப்பியும் போட்டுக்கிட்டு வலப்பக்கம் கட்டிருக்காரு."

"அப்ப?"

"அப்ப என்ன, படத்தத் திருப்பிக் கழுவிட்டாக. தங்கச்சி சொன்னது சரிதான்," என்றார் அண்ணியைப் பார்த்து.

எந்த ஸ்டூடியோக்காரரோ என்றைக்கோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டு எடுத்த படம். அதை நம்பி இடப்பக்கத்து உறுப்புகளையெல்லாம் அண்ணன் வலப்பக்கத்தில் பொருத்தி வைத்திருந்தார். அப்படியே கண்ணாடி மாதிரித் திருப்பிவிட வேண்டியதுதானே என்று நான் யோசனை சொன்னேன். பாதி எஞ்சின் கம்பெனி வரைபடத்தைப் பார்த்துச் சரியாகச் செய்தது, திருப்பினால் அந்தப் பாதி தப்பாகிவிடும் என்றார். சொன்ன விதத்தில் நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

"யாருக்குத் தெரியப் போகுது? அப்படியே விட்ருங்க. டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?" என்று அண்ணி கெஞ்சினார்.

"ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல," என்றார் அண்ணன்.

வெளியீட்டை நிறுத்தினார். எட்டு மாதம் உட்கார்ந்து பிரித்துச் செய்தார். அதிலிருந்து எந்தப் படம் வந்தாலும் முதலில் அண்ணி பார்த்து, முந்தானையும் சட்டைப் பையும் எந்தப் பக்கம் என்று சொன்ன பிறகுதான் மேசைக்கு வரும். பெண்கள் பெட்டியில் பை மாட்டும் கொக்கி எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று அண்ணி சண்டை போட்டு, அதற்கும் ஆதாரம் தேடி, கடைசியில் அண்ணி சொன்ன உயரமே சரி என்று ஆனது. அந்த வாரம் அண்ணி நடந்த நடையே தனி.

வேலை முடிந்தது. தங்கள் கல்யாண நாளன்று சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து ரயிலைப் பாலத்தில் ஓட்டுவதாகத் திட்டம். அதற்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ரயில் பாலத்துக்கு முந்தைய மண்டபம் ஸ்டேஷனிலேயே நின்றது.

அண்ணி அழவில்லை. "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அந்த எட்டு மாசந்தான் அவர முடிச்சிருச்சு," என்பதையே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் சமாதானமும் ஏறவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் காக்காதான் ஆரம்பித்தார். "தங்கச்சி, மாப்ள ரயில நட்டாத்துல விட்டா எப்புடி? நீங்களே எடுங்க." அண்ணியை நாற்காலியில் உட்கார்த்தினோம். பின்னால் நாற்பது பேர். திரையில் ஸ்டேஷன் கைகாட்டி மரம் இறங்கினால்தான் ரயிலை எடுக்கலாம்; அது இறங்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இறங்கவே இல்லை. கம்ப்யூட்டரில் கோளாறு என்று ஆளுக்கொன்று சொல்ல, அண்ணன் மகன் தலையைச் சொறிந்துகொண்டு, "அய்யா காத்தையும் நெசமா வச்சிருக்காக. இன்னைக்குப் பாம்பன்ல அடிக்கிற காத்து நெட்டு வழியா அதுக்குள்ளயும் அடிக்கும். கூடுனா பாலத்துல விடாது," என்றான்.

வெளியே வாடைக்காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா வாசலில் நின்று, கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்து, "இன்னும் ஆடுது! இன்னும் ஆடுது!" என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பாயசம் ஆறிப்போனது. "இருந்தும் உக்கார வச்சாரு, போயும் உக்கார வச்சுட்டாரு," என்றார் அண்ணி. பதினாறு நாளில் முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தோம்.

"நின்னுருச்சு!" என்று சித்தப்பா கத்தினார். கைகாட்டி இறங்கியது. அண்ணி ரயிலை எடுத்தார். இரண்டு பக்கமும் கடல். பெட்டி ஜன்னலோரத்தில் அந்தப் புகைப்படத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள், முந்தானை இடது தோளில். ராமேஸ்வரத்தில் அண்ணி பிரேக் பிடிக்கத் தாமதித்து, ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் நின்றது. நின்றதும் திரையில் ஒரு வெள்ளைத் தாள் விரிந்தது. சர்வே படத்தில் எழுதுவது போலவே ரயிலின் அளவுகள் எல்லாம் இருந்தன. அடியில் இரண்டு வரி.

அளந்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்தில், இனிஷியலோடு, அண்ணியின் பெயர்.

அண்ணி அப்போதுதான் அழுதார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்ற பேச்சை அன்றோடு விட்டுவிட்டார்.

துக்கத்தில் தோள் கொடுத்த காக்காவுக்கும், பந்தி பரிமாறிய அண்டை வீட்டாருக்கும், கதவைக் கொடுத்த சம்பந்திக்கும், வேட்டியைப் பார்த்துக் காற்று சொன்ன சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் யார் வீட்டுப் பொருளையாவது அளக்கும்போது கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால் மன்னியுங்கள். அண்ணன் மகன் வந்து மாட்டித் தருவான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். பிளாட்பாரத்தைத் தாண்டியது ஒரு பெட்டிதான், அதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.

எழுதியவர்: தங்கை.
சரிபார்த்தவர்: அண்ணி.