நல்ல நேரத்துக்குக் காத்திருந்த அடுப்பு

லண்டன் கிங்ஸ்பரியில் வாமதேவனைத் தெரியாத தமிழர் குறைவு. வீடு குடிபுக வேண்டும், புதுக் கார் எடுக்க வேண்டும், பிள்ளைக்கு ஏடு தொடக்க வேண்டும் என்றால் கோயில் ஐயரைக் கேட்கு முன்பே ஆட்கள் அவருக்குத்தான் போன் அடிப்பார்கள். மனிதர் சோதிடர் ஒன்றும் இல்லை. ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் லொறியை ஓட்டி ஓய்ந்தவர். ஆனால் அவர் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிற நேரத்தைத்தான் அவர் நல்ல நேரம் என்று ஒப்புக்கொள்வார். அந்த இரண்டும் இலேசில் ஒத்துப்போகிற சாமான்களா என்ன!

"இந்த மனிசன் தும்முறதுக்கும் நாள் பார்க்கும்" என்று மனைவி சிவனேஸ்வரி வாறவர் போறவரிடமெல்லாம் பகிடி பண்ணுவாள். அவர் சிரித்துவிட்டு இருந்துவிடுவார். ஏன் பார்க்கிறார் என்று அவளுக்குக்கூட அவர் சொன்னதேயில்லை.

விசயம் இதுதான். இருவரும் நோர்வேயின் வடகோடியில், மீன் தொழிற்சாலை ஊர் ஒன்றில் வேலை செய்தபோது சந்தித்து விரும்பிக் கட்டியவர்கள். அவளுடைய சாதகம் இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. பொருத்தம் பார்க்க ஒன்றுமில்லை. நகரசபைப் பதிவுக் கந்தோரில் எந்த நேரம் சும்மா கிடந்ததோ அந்த நேரத்தில் கையெழுத்து வைத்தார்கள். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோதுதான் வாமதேவன் யாரிடமோ ஒரு பழைய பஞ்சாங்கம் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கலியாணம் நடந்தது கரிநாள். அதுவும் சரியாக ராகு காலம். அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு விடவேயில்லை. மகள் கௌசி பிறந்தாள், அவள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தார்கள், வீடு வாங்கினார்கள். எல்லாம் நாள் பார்த்து, நேரம் பார்த்து. ஆனாலும் சிவனேஸ்வரியின் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது அவர் மனம் நேரே அந்த நகரசபைக் கந்தோருக்குத்தான் போய் நின்றது. தன்னால்தான் வந்தது என்று நம்பினார். அட, இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவளுக்குக் குளிர் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியால் வருகிற நாட்களில் பல்லுக் கிட்டிக்கும். கௌசி ஹீற்றரை உச்சத்தில் போட்டுவிட்டு அரைக்கை உடுப்போடு வியர்த்துக்கொண்டு திரிய, தாய் இரண்டு சுவெட்டர், ஒரு சால்வை, காலுக்குக் கம்பளிச் சப்பாத்து என்று குறண்டிப்போய் இருப்பாள்.

ஆகஸ்ட் மாதம், ஊரெல்லாம் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் உங்களிட்டை நகை கேட்டனானே, புடவை கேட்டனானே? குளிர் துடங்க முதல் எனக்கொரு விறகு அடுப்புப் போட்டுத் தாங்கோ. நோர்வே வீட்டிலை கிடந்தது மாதிரி. அதுக்கு முன்னாலை காலை நீட்டிக்கொண்டு இருக்கவேணும். அது இல்லாமல் இந்த முறைக் குளிரை நான் தாண்டமாட்டன்."

"விசர்க்கதை கதையாதையும்" என்றார். ஆனால் அடுத்த நாளே கடைகளில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

கௌசிதான் முதலில் தயங்கினாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், எல்லாவற்றையும் தேடிப் பார்க்கிறவள். "அப்பா, லண்டனிலை நினைச்ச அடுப்பை எல்லாம் போடேலாது. புகை கூடவந்தால் கவுன்சில் பிடிக்கும்" என்றாள். பிறகு அவளே அனுமதி உள்ள அடுப்புகளைப் பார்த்து, காய்ந்த விறகு மட்டும் எரித்தால் பிரச்சினையில்லை என்று கண்டுபிடித்து, போட்டுத்தருகிற ஆளையும் பிடித்தாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வீட்டுப் புகைபோக்கி முன்னறைச் சுவரில் இருந்தது. வீடு வாங்கின காலத்தில் அங்கே கிடந்த காஸ் அடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் குழிக்குள்தான் சாமியை வைத்திருந்தார்கள். லண்டனில் நம்மவர் வீடுகள் பாதியில் இதுதானே கதை! குளிர்காயக் கட்டின இடத்தில் பிள்ளையாரும் முருகனும் குடியிருப்பார்கள். இப்போது அடுப்பு வர வேண்டுமென்றால் சாமி எழும்ப வேண்டும். சாமி எழும்ப வேண்டுமென்றால் நாள் பார்க்க வேண்டும். ஆவணியில் பார்த்த நாள் ஒரு பஞ்சாங்கத்துக்குப் பிடித்தது, மற்றதுக்குப் பிடிக்கவில்லை. புரட்டாதியில் நவராத்திரி வந்தது. கும்பம் வைத்த இடத்தை அசைக்கக் கூடாது.

"சாமிக்கு என்ன, பட்டுக் கட்டிக்கொண்டு இருக்கு. நானெல்லோ விறைக்கிறன்" என்றாள் சிவனேஸ்வரி.

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றி இறக்குகிற சிநேகிதி மெற்றில்டாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பாசையூர்க்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். "அண்ணை, அக்காவின்ரை கையைத் தொட்டுப் பார்த்தனீங்களோ? ஐஸ் மாதிரிக் கிடக்கு. கெதியாச் செய்யுங்கோ" என்றாள். வாமதேவனுக்குக் கோபம் வந்தது. தான் வேண்டுமென்றே சுணக்குகிறாராம், இவள் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறதாம்!

ஐப்பசி பிறந்து, ஒருவழியாக இரண்டு பஞ்சாங்கமும் சம்மதித்த காலையில் சாமி மாடிக்குப் போனது. அடுத்த கிழமை அடுப்புப் போடுகிற வெள்ளைக்காரர் வந்தார். கூரைக்கு ஏறி, புகைபோக்கியின் உச்சியிலிருந்து உருக்குக் குழாயைக் கீழே இறக்கினார். பழைய கரியும் குருவிக்கூட்டுக் குப்பையும் பொலபொலவென்று கொட்டின. கருங்கல் பலகை பதித்து, அதன்மேல் கறுத்த இரும்பு அடுப்பை நிறுத்தி, குழாயோடு பொருத்தினார். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. நச்சுக்காற்று கசிந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியையும் சுவரில் பூட்டினார். புகை ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்கப் புகை வில்லை ஒன்றைக் கொளுத்தி உள்ளே வைத்தார். புகை ஒரு நூல்கூட வெளியே வராமல் விறுவிறுவென்று மேலே ஏறிப் போனது. சிவனேஸ்வரி சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாள்.

வெள்ளைக்காரரும் உற்சாகமாகிவிட்டார். வாசலில் நிறுத்தியிருந்த தன் வான் வண்டியில் இருந்து இரண்டு விறகுத் துண்டு கொண்டுவந்து அடுக்கி, முதல் நெருப்பைச் சின்னதாகத் தானே மூட்டிக் காட்டுகிறேன் என்று குந்தியிருந்து நெருப்புக்குச்சியை எடுத்தார். அவள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போய், கம்பளிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

"நோ, நோ! இண்டைக்கு வேண்டாம்!" என்று வாமதேவன் குறுக்கே விழுந்தார்.

அன்று அட்டமி. அத்தோடு புது அடுப்பை வீட்டுக்காரி கையால் மூட்டிப் பால் காய்ச்ச வேண்டும். யாரோ ஒருவன் கையால் மூட்டுவதா? இதையெல்லாம் வெள்ளைக்காரருக்கு இங்கிலிஷில் விளக்கினார். அவருக்கு எது விளங்கியதோ தெரியாது. குச்சியைப் பெட்டிக்குள் போட்டு, விறகையும் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அவர் போனபிறகு சிவனேஸ்வரி அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு, "ஒருக்காப் பத்தவைச்சுப்போட்டு நூத்துவிடுவமே? சாமியிட்டை நான் சொல்லுறன்" என்றாள்.

"வாற வெள்ளி விடிய அருமையான நேரம் கிடக்கு, ஈஸ்வரி. ரண்டிலையும் ஒரே மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் பொறும்."

"எனக்குக் குளிருதப்பா."

"பொறும் எண்டுறன்."

"சரி. நீங்கள் சொன்னால் சரிதான்" என்று சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டாள்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. அந்த நாட்களில் சுடுதண்ணீர்ப் பையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். அவள் பாதங்களை மடியில் தூக்கி வைத்து உள்ளங்கை சிவக்கத் தேய்த்தார். அவள் அடுப்புக்கு முன்னால்தான் இருந்தாள். நெருப்பில்லாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் அவருக்கே பொறுக்கவில்லை. நாளும் மண்ணும் என்று நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னறை வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் போகவில்லை. ஒருமுறை நேரம் பார்க்காமல் செய்ததற்குத்தானே இவள் இப்படிக் கிடக்கிறாள், இன்னொரு முறை அந்தப் பிழையை விட்டால் இவளைப் பறிகொடுத்துவிடுவேன் என்று நினைத்தார். நெருப்புப்பெட்டி குசினிக்கே திரும்பிப் போனது.

புதன்கிழமை அவளுக்கு நடுக்கம் எடுத்தது. குளிராக்கும் என்று போர்த்திப் போர்த்திப் பார்த்தார்கள். காய்ச்சல். டயாலிசிஸுக்காக நெஞ்சில் போட்டிருந்த குழாய் வழியே இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வார்ட்டிலேயே மறித்து வைத்துவிட்டார்கள்.

வெள்ளி விடிந்தது. அந்த அருமையான நேரத்தில் வாமதேவன் வார்ட்டில் அவள் கட்டிலருகில் இருந்தார்.

"அப்பா, நீங்கள் வீட்டை போய் அடுப்பைப் பத்தவையுங்கோ. அம்மா வரேக்கை வீடு சூடா இருக்கட்டும்" என்றாள் கௌசி.

"வீட்டுக்காரி இல்லாமல் எப்பிடிப் பிள்ளை?" என்றார். வெளியே போய் ஐயருக்குப் போன் அடித்தார். அடுத்த நல்ல நாள் கார்த்திகை பிறந்த பிறகுதான் என்றார் ஐயர். திரும்பி வரும்போது சிவனேஸ்வரி கண் திறந்திருந்தாள்.

"பத்தவைச்சிட்டீங்களோ?"

"உம்மைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பத்தவைக்கிறது."

அவள் தலையாட்டினாள். சிரித்த மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு அவரோடு அவள் கதைக்கவில்லை. மயக்கத்திலேயே கிடந்து, கார்த்திகை பிறக்கு முன்பே போய்விட்டாள். வாமதேவன் அவள் கையை விடாமல் பிடித்திருந்தார். கடைசி வரைக்கும் அந்தக் கை சூடேறவில்லை.

தகனத்துக்குச் சுடலைக்காரர் கொடுத்த நேரம்தான் நேரம். அது ராகு காலமா, எமகண்டமா என்று யாரும் கேட்கவில்லை. வாமதேவனும் கேட்கவில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார்கள். சனம் நெருக்கியடித்ததில் வேறு இடமில்லாமல் கால்மாடு அடுப்புப் பக்கமாகிவிட்டது. தேவாரம் பாடி, வாய்க்கரிசி போட்டு, பெட்டியைத் தூக்கியபோது கௌசி கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. வாமதேவன் அழவில்லை. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "மனிசன் இடிஞ்சுபோச்சு" என்று ஆட்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

எல்லோரும் சுடலைக்குப் போக, வீட்டைக் கழுவிவிட மெற்றில்டா தங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது மழை. வாசலில் வாளியில் இருந்த தண்ணீரில் கால் கழுவி உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சாக "அப்பாடா" என்றார்கள். வீடு கணகணவென்று இருந்தது. முன்னறையில் கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு மளமளவென்று எரிந்துகொண்டிருந்தது. நனைந்து வந்த சனம் அதைச் சுற்றி நின்று கையை நீட்டியது. "இதெல்லோ சூடு" என்றார் ஒருவர். "செத்த வீட்டிலை ஆர் அடுப்பு மூட்டினது? துடக்குக் கழியாமல் மூட்டக்கூடாதெல்லோ!" என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

குசினிக்குள்ளிருந்து மெற்றில்டா ஓடிவந்தாள். தான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான், அண்ணை. வீடு கழுவின ஈரம், வெளியாலை மழை. வாற சனம் விறைக்கப்போகுது எண்டு பத்தவைச்சனான். குறை நினையாதேங்கோ."

வாமதேவன் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை மணிக்குப் பத்தவைச்சனீர், மெற்றில்டா?"

"தெரியேல்லை, அண்ணை. நான் நேரம் பார்க்கேல்லை."

"கஷ்டமாயிருந்ததோ?"

"இல்லையண்ணை. ஒரு குச்சிதான் கிழிச்சனான். உடனை பிடிச்சிட்டுது."

"ஒரு குச்சிதானோ?" என்றார் வாமதேவன். "ஐயோ ஈஸ்வரி, ஒரு குச்சிதானாமடி!" என்று, ஒருநாளும் அவளை 'டி' போட்டுக் கூப்பிடாத மனிதர், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் நிலத்தில் குந்தித் தலையில் அடித்து அழத் தொடங்கினார்.