வலையில் காய்ந்த சந்தனம்

யார் சந்தனம் நீட்டினாலும் உங்கள் அத்தை வாங்குவதில்லை. திமிர் என்று ஊரில் பேசுகிறார்கள். நீங்களும் அப்படி நினைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் உங்கள் அத்தையான என் அக்காவும் நானும் மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் வேலை பார்த்தோம். கால்குலேட்டர் பொத்தான்களுக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தாளில் கோடு அச்சடிக்கிற வேலை. பிளாஸ்டிக் பசையில் கரித்தூள் குழைத்த மை. காய்ந்த பிறகு தாளை வளைத்தாலும் அந்தக் கோட்டில் கரண்ட் ஓடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையின் மேல் மையை ஊற்றி அக்கா ரப்பர் பலகையால் இழுப்பாள். வலையின் கண் வழியாக மை இறங்கிக் கோடாகும். பேட்டரியும் பல்பும் வைத்து நான் சோதிப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் சட்டங்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பதும் என் வேலைதான்.

ஒரு சனிக்கிழமை பல்பு எரியவே இல்லை. எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் கோடு அறுந்திருந்தது. அக்கா மையைக் கரைக்கிற தின்னர் ஊற்றி வலையைத் தேய்த்துப் பார்த்தாள். மறுபடியும் அப்படியே.

சூப்பர்வைசர் வந்தார். "இன்னாம்மா, வூட்ல ஒக்கார வேண்டிய நாள்ல வந்து மையத் தொட்டுக்கினு கீறியா?" அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

அக்கா தலை குனியவில்லை. "அந்த நாள்லயும் ஓவர்டைம் பாக்கச் சொன்னது யாரு சார்? அப்பல்லாம் கோடு நல்லாத்தான வந்துச்சு?"

"வாய் நீளுது. திங்கக்கெழமலேர்ந்து வராத."

நான் வலையை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அறுந்த இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டு. முந்தின நாள் தண்ணியாகக் கரைத்துச் சட்டத்தில் நான் வைத்த சந்தனம், வழிந்து வலையில் காய்ந்திருந்தது. தின்னருக்கு அது கரையாது. ஈரத்துணி போதும்.

அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல்வரை போன பிறகுதான் சொன்னேன். "சார், சந்தனம் அடைச்சிக்கினு கீது. வெச்சது நானு." ஈரத்துணியால் துடைத்து ஒரு தாள் இழுத்துக் காட்டினேன். பல்பு எரிந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பல்பைப் பார்த்தார். "சாமி சந்தனத்து மேல பழியப் போடாத. போய் வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். அந்த மனுஷனை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். என்னை நினைத்தால் அதைவிட.

அக்கா தனியாகத்தான் பஸ் ஏறினாள். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தை என்னிடமே நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். இந்த முறை கெட்டியாகக் குழைத்து வைத்தேன்.