தண்ணீர் நின்ற இடம்

பினாங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டுதான், ராமநாதபுரத்துப் பக்கம் வறண்டு கிடந்த எங்கள் ஊரில் குளம் எங்கே வெட்டுவதென்று முடிவு செய்தோம். ஊர்ப் பொதுக்காரியத்துக்குப் பணம் பினாங்கிலிருந்து போகும். அதனால் இடத்தையும் பினாங்கிலேயே முடிவு செய்வது வழக்கம்.

அது குடிதண்ணீர்க் குளமல்ல. கோடையில் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. மழைத்தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கினால் ஊற்று உயரும் என்று சொன்னவனே நான்தான். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். நான் சொன்னால் கேட்பார்கள். என் அக்காவின் வெற்றிலைக் கொடிக்கால் ஒரே கிணற்றை நம்பி இருந்தது. அவள் கணவர் இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. என் யோசனையைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிக்கடை மாடியில் கூடினோம். நான் வரைந்த ஊர்ப்படத்தை விரித்தேன். இரண்டு இடங்கள் பேச்சில் இருந்தன. ஒன்று, கோயிலுக்குக் கிழக்கே களிமண் பள்ளம். மற்றொன்று, கிணறுகளுக்கு மேலே மேட்டில் இருந்த சரளை நிலம். அது என்னுடையது. அதில் மாடி வீடு கட்ட நினைத்திருந்தேன்.

"சரளையில கொளமா? சல்லடையில தண்ணி புடிக்கலாம் லா!" என்று பினாங்குப் பேச்சில் இழுத்தார் அரிசிக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். "கெழக்கால பாருங்க, கார்த்திகையில பெஞ்சது மாசி வரைக்கும் நிக்குது. எருமைக்கே தெரியும்."

"எருமையையா கேக்கப்போறோம்? படிச்ச மனுசன் இருக்கான்ல" என்று அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ளே. எங்க வெட்டுனா ஒங்கக்கா கெணத்துக்குத் தண்ணி வரும்?"

விடை எனக்குத் தெரியும். களிமண்ணில் நிற்கும் தண்ணீர் வெயிலுக்குப் போகும், கிணற்றுக்குப் போகாது. தண்ணீர் எங்கே நிற்காமல் மறைகிறதோ அங்கேதான் வெட்ட வேண்டும்.

"கிழக்கேயே வெட்டலாம்" என்றேன். "தண்ணீர் நிற்கிற இடம்தானே குளத்துக்கு நல்லது?"

அரிசிக்கடைக்காரர் படத்தில் கிழக்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

குளம் நிறைந்தது. அல்லி பூத்திருக்கிறது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் புகழ்ந்தார்கள். கிணறுகளில் தண்ணீரோ இன்னும் கீழே போயிற்று. கொடிக்கால் கருகியது. இனி அங்கே பிழைப்பில்லை என்று அக்காவை அழைத்துவர அத்தான் கப்பலேறினார். அதே சமயத்தில் அந்தச் சரளை நிலத்தில் என் வீட்டு வேலையும் தொடங்கியிருந்தது.

அவர்கள் வந்திறங்கிய அன்று, அக்காவைத் தகரப்பெட்டிமேல் உட்காரவைத்துவிட்டு அத்தான் என்னைத் தள்ளி அழைத்துப்போனார்.

"ஒன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்காங்க. நாங்க கெளம்புறதுக்கு முந்தி நல்ல மழை. பள்ளம் ரொம்பிக் கெடந்துச்சு. மறுநாள் போய்ப் பாத்தா, கொத்தனாரு அதுக்குள்ள காலு நனையாம நிக்கிறாரு."

அவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் அத்தான்."

துண்டை உதறித் தோளில் போட்டார். "அவகிட்ட சொல்லிப்புடாத. தம்பி வெட்டுன கொளம்னு கப்பல் பூரா பெருமை பேசிக்கிட்டு வந்தா. அவளுக்கு அதாச்சும் இருக்கட்டும்."

அதன்பிறகு அவர் என்னை மாப்ளே என்று அழைக்கவில்லை. அக்கா பினாங்கின் ஜெலுத்தோங் பகுதியில் ஒரு வாடகை அறையில் இருந்து, ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்து, அங்கேயே செத்துப்போனாள். நான் கடைசிவரை சொல்லவில்லை. அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். அவள் என்னைப் புகழ்வது எனக்குப் பிடித்திருந்தது.