பாறைக்குள் கேட்ட தட்டல்

சாக்கடலுக்கு மேலே உள்ள மொட்டை மலைகளில் ஆடு மேய்த்த குலத்தில் வாழ்க்கைப்பட்டவள் கத்ரா. குகைகளில் பழைய தோல்சுருள்கள் கிடைக்கின்றன என்ற பேச்சு பரவியதிலிருந்து அந்தக் குலத்து ஆண்கள் ஆடுகளை மறந்துவிட்டார்கள். அவள் கணவன் முஸல்லமும் அவன் தம்பி ஸுவைலிமும் விடிந்ததும் கயிறும் கூடையுமாகக் கிளம்பிவிடுவார்கள். அனுமதியின்றித் தோண்டினால் சிறை. பெண்களை ராணுவத்தார் சோதிப்பதில்லை என்பதால், கிடைத்ததைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோய் விற்பது கத்ராவின் பொறுப்பு.

அந்த வசந்தத்தில் உள்ளங்கை அகலத் தோல்துண்டு ஒன்றை மார்போடு கட்டிக்கொண்டு போனாள். பழம்பொருள் வாங்கும் கடைக்காரர் ஜிரியஸ், அவள் முன்பு கொடுத்த துண்டை எருசலேமில் படித்துவிட்டார்கள் என்றார்.

"அது யூதருங்க வேதத்துலயே இல்லையாம், தங்கச்சி. அவங்க பெரியவங்க சேக்காம தள்ளிவச்ச எழுத்து."

"அப்படி என்னண்ணே இருக்கு அதுல?"

"சொன்ன பேச்சு கேக்காத வானதூதருங்க கதை. மனுசப் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டாங்களாம், வாள் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாங்களாம். கடைசியில கைகாலைக் கட்டி, பாலைவனத்துல குழிக்குள்ள தள்ளி, மேல பாறையைப் போட்டு மூடிட்டாங்களாம். தீர்ப்பு நாள் வரைக்கும் இருட்டுலயே கெடக்கணும்."

"எந்தப் பாலைவனம்?"

"இங்க எத்தனை இருக்கு? உங்க கூடார வாசல்தான்!" ஜிரியஸ் சிரித்தார். "இன்னும் உள்ள தோண்டச் சொல்லு."

கத்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாக முஸல்லமும் தம்பியும் தோண்டும் குகைச் சரிவின் நிழலில் ஆடுகள் ஒதுங்குவதே இல்லை. வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தன.

கூடாரத்தில் சொன்னபோது முஸல்லம் ரொட்டியைப் பிய்த்தபடி, "கட்டிப்போட்டிருக்கா? அவுத்துவிட்டு நாலு கூடை மண்ணு அள்ளச் சொல்றேன்" என்றான்.

ஸுவைலிம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "அண்ணி, உள்சுவருக்குப் பின்னால வெத்திடமா இருக்கு. அதுலேருந்து காத்து வருது. சூடான காத்து."

"அப்போ நாளைக்குப் போகாதீங்க."

"சுருள் அந்தப் பக்கந்தான்டி இருக்கும்" என்று பேச்சை முடித்தான் முஸல்லம்.

மறுநாள் உச்சிவேளையில் கத்ரா தண்ணீர்த் தோல்பையோடு ஏறினாள். முஸல்லம் வெளியே கூடையைக் கொட்டிக்கொண்டிருந்தான், ஸுவைலிம் உள்ளே தோண்டிக்கொண்டிருந்தான். மலைக்குள் ஏதோ இருமியது போலிருந்தது. குகை வாயிலிருந்து வெள்ளைத் தூசி பீறிட்டது. தூசி அடங்கியபோது வாயே இல்லை, பாறைகள்தான் இருந்தன.

பிறகு உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நிதானமான, அவசரமே இல்லாத தட்டல்.

முஸல்லம் வெறிபிடித்தவன் போலக் கற்களை இழுத்தான். ஒன்றை எடுத்தால் இரண்டு சரிந்தன.

"ராணுவத்தைக் கூப்பிடப் போறேன்" என்றாள் கத்ரா.

"கூப்பிட்டா நான் உள்ள போகணும்டி!"

"உன் தம்பி ஏற்கனவே உள்ளதான் இருக்கான்."

அவள் காவல்சாவடிக்கு ஓடி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கடப்பாரைகளோடு சிப்பாய்கள் வந்தார்கள். தட்டல் வந்த திசையை வைத்தே பாறைகளை நகர்த்தினார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஸுவைலிமை உயிரோடு வெளியே இழுத்தார்கள். வலதுகை கூழாகியிருந்தது.

"நல்லவேளை விடாம தட்டினே. இல்லேன்னா உன்னைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம்" என்றார் சார்ஜண்ட்.

ஸுவைலிம் விழித்தான். "நானா? ரெண்டு கையும் பாறைக்கு அடியில இருந்துச்சே. நீங்கதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"சத்தம் எனக்குப் பின்னால இருந்துல்ல வந்துச்சு."

சார்ஜண்ட் பொந்தை மறுபடி கல் வைத்து அடைக்கச் சொன்னார். சிப்பாய்கள் அதை வேகவேகமாகச் செய்தார்கள்.

முஸல்லம் கோடை முழுக்கச் சிறையில் இருந்தான். திரும்பி வந்தும் பல நாள் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கயிற்றைத் தொடவும் இல்லை. கையை இழந்த ஸுவைலிம் அதற்குப்பின் கூரைக்குக் கீழே படுத்ததில்லை. மழையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே கிடப்பான்.

குளிர்காலத்தில் வேறு கிளையைச் சேர்ந்த சிலர் வந்து அந்தக் குகைக்கு வழி கேட்டார்கள். கத்ரா அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வெளியே வந்து, எதிர்த்திசையில் ஒரு மலையைக் காட்டினாள்.