ஜைனம்புவுக்கு மாட்டிய ஏசி

துபாயில் வருஷக்கணக்காக அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஏசி மாட்டிக்கொண்டிருந்த அப்துல் ஹைக்கு ஒரே ஓர் ஆசைதான். பழவேற்காட்டில் தன் மனைவி ஜைனம்பு படுக்கும் அறையிலும் ஒன்றை மாட்டிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்துபோகிற மனுஷன் பெண்டாட்டிக்கு வேறு எதைத்தான் கொடுப்பான்? சென்ட் பாட்டிலும் நைலக்ஸ் சேலையும் ஏற்கெனவே பீரோ நிறைய இருந்தன.

எண்பத்து நாலாம் வருஷக் கோடையில் கொண்டுவந்தே விட்டார். ஜன்னலில் செருகுகிற மாதிரி அல்ல. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவே செம்புக்குழாய். பொன்னேரியிலிருந்து டெம்போவில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஊரில் ஃபேன் சுற்றவே கரண்ட் போதாத காலம் அது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

ஆள் வைக்காமல் தானே வேலையில் இறங்கினார். ஏசிக்காரன் கண்ணுக்கு ஓர் அறையில் முதலில் தெரிவது, குளிர் எந்தெந்த ஓட்டை வழியாகப் போகும் என்பதுதான். கதவிடுக்கில் ரப்பர் ஒட்டினார். மிச்சமிருந்தது ஏரிப்பக்கச் சந்தில் திறக்கும் ஜன்னல். உப்புக்காற்றில் முறுக்கிக்கொண்ட அதன் பலகைகள் எவ்வளவு இழைத்தாலும் சேரவில்லை.

"செங்கல் வெச்சு அடைச்சிரட்டுமா?" என்று கேட்கத்தான் செய்தார்.

ஜைனம்பு கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். குழைத்த சிமெண்ட் இறுகிவிடுமே என்ற கவலையில் இருந்தார். அடைத்துவிட்டு, அதே சுவரின் வெளிப்பக்கம் பெரிய பெட்டியைத் தொங்கவிட்டார்.

வாசல் பக்கம் ஜைனம்புவின் மாமனாரும் அவரைப் பார்க்க வருகிற ஆண்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அங்கே தலைகாட்டுவதில்லை; மீன் விற்க வருகிறவர்கள் அந்த ஆண்களைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. குப்பத்து லோகநாயகி தினமும் காலையில் சந்து வழியாக வந்து இந்த ஜன்னலடியில்தான் இறால் கூடையை இறக்குவாள். வியாபாரம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு கம்பிக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி, கொடுத்த டீ ஆறி அவலாகப் போகும்வரை பேச்சு. இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. ஊரே கேட்கிற கேள்வியை அவர்கள் மட்டும் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டதில்லை.

இது அப்துல் ஹைக்குத் தெரியாதா என்றால், ஒரு மீன்காரி வருவாள் என்பது வரைக்கும் தெரியும்.

ஏசி ஓடத் தொடங்கிய அன்று லோகநாயகி வந்து சுவரைப் பார்த்தபடி நின்றாள். மேலேயிருந்த பெட்டி அவள் முகத்தில் அனலை அடித்தது. அப்துல் ஹை பக்கத்தில் நின்று அது ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது? பாயம்மாவ எப்டி பாக்கறது?"

"மீன வாசல்ல குடுத்துட்டுப் போம்மா. இங்க நிக்காத, சூட்டுக்காத்து அடிக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கரண்ட் இருந்த நேரமெல்லாம் அறை ஜில்லென்று இருந்தது. போர்வைக்குள் சுருண்டு கிடந்த மனைவியைப் பார்த்துப் பூரித்துப்போய் விமானம் ஏறினார்.

அடுத்த லீவில் வந்தபோது வெளிப்பெட்டியை உப்பு அரித்திருந்தது. அறையில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. ஜைனம்பு சமையற்கட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏசி ஓடலன்னு ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?" என்றார்.

"எழுதத் தோணல."

பேச்சை மாற்ற நினைத்து, "அந்த எறாக்காரம்மா இப்ப வர்றதில்லையா?" என்று கேட்டார்.

"மவுத்தாயிட்டா" என்றாள் ஜைனம்பு. "வாசலுக்குக் கொஞ்ச நாள் வந்தா. ஆம்பளைங்க கையில மீன குடுத்துட்டு, உள்ள எட்டி எட்டிப் பாத்துட்டுப் போவா. அப்புறம் மாமா கடைத்தெருவுலயே வாங்க ஆரம்பிச்சிட்டாரு. மஞ்சக்காமாலையாம். படுத்துக் கெடக்கும்போது பாயம்மாவ பாக்கணும்னு சொன்னாளாம். எனக்குச் சேதி வர்றதுக்குள்ள காரியமே முடிஞ்சிபோச்சி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். குப்பம் ஒன்றும் துபாய் இல்லை, கூப்பிடு தூரம்தான். அதைக்கூட எட்டாத தூரமாக்கியது தன் கைதான் என்று அவருக்குப் புரிந்தது.

அன்று மத்தியானமே பக்கத்து வீட்டில் கடப்பாறை வாங்கிவந்து ஜன்னலை இடிக்க ஆரம்பித்தார். தன் வேலையாயிற்றே, லேசில் பெயரவில்லை. வியர்த்து ஊற்ற நாலைந்து செங்கலைத் தள்ளியதும் ஏரிக்காற்று உள்ளே வந்தது. சத்தம் கேட்டு ஜைனம்பு வந்து நின்றாள்.

"தொறந்து இன்னா பண்ணப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "அங்க யாரு வந்து நிக்கப் போறா?"

அப்துல் ஹை கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.